நீச்சல் குளம் உள்ள வீடு

ராத்திரி பதினொன்றேகாலுக்கு
ஒரு வேன் வந்து கேட்டை உரசி நின்றது.
இந்த ஆனியில் இது ஏழாவது வண்டி.

இறங்கியவர் கையில் என் வீடு இருந்தது.
பால்காய்ச்சிய அன்று நானே எடுத்து
பெருமைக்குப் போட்ட படம்.
ரோஸ் சுவர், வாசலில் வாழை,
ஐப்பசிக் காற்றில் விழுந்துபோன முருங்கை
அதில் மட்டும் இன்னும் பூத்துக்கொண்டு.
கொடியில் கிடந்த என் பாவாடையை வெட்டிவிட்டு
கீழே எழுதியிருந்தான்:
சாரல் வில்லா. ஐந்தருவி பக்கம். நீச்சல் குளம் உண்டு.

"இது வாடகைக்கு விடுற வீடு இல்ல அண்ணாச்சி."
"ஆறாயிரத்து ஐந்நூறு அனுப்பியிருக்கோமே மேடம்."

சாத்தூர்க்காரர், திருமேனி என்று பெயர்.
தீப்பெட்டி ஆபீசில் கணக்கு எழுதுகிறவராம்.
பின்னால் மனைவி, மாமனார்,
தோளில் துண்டோடு தூங்கி விழும் இரண்டு பிள்ளைகள்,
தூக்குவாளியில் புளியோதரை.

மத்தியானம் வரைக்கும் போனை எடுத்தானாம்.
வார்த்தைக்கு வார்த்தை சார் போட்டானாம்.
அப்புறம் இன்னொரு இரண்டாயிரம்,
திருப்பித் தருகிற பணம்தான்,
ஒரு மணி நேரத்தில் கட்டாவிட்டால்
வேறு பார்ட்டி காத்திருக்கு என்றானாம்.
கட்டினார்கள்.
கட்டியதும் போன் அணைந்துவிட்டது.

மாமனார் மட்டும் என்னை நம்பவில்லை.
"குளத்தக் காட்டும்மா" என்றார்.
டார்ச் அடித்துக் கிணற்றைக் காட்டினேன்.
சின்னவள் எட்டிப் பார்த்து
"இதுல படியே இல்லியேப்பா" என்றாள்.

நான் பதிவு அலுவலகத்தில் வேலை பார்க்கிறவள்.
பகலெல்லாம் வில்லங்கம்.
தாய்ப்பத்திரம், நான்கெல்லை, கைரேகை, சாட்சி இரண்டு பேர்.
ஒரு சென்ட் பொட்டல் கைமாற இவ்வளவு வேண்டும்.
என் வீட்டை ஏழு தரம் விற்றிருக்கிறான்
ஒரு சாட்சி இல்லாமல்.

ஒன்று ஒன்பது மூன்று பூஜ்யம் அடித்து
திருமேனியிடம் போனை நீட்டினேன்.
சீக்கிரம் சொன்னால் பணத்தை வழியில் மறிக்கலாம்,
சிலசமயம்.
பரிவர்த்தனை எண்ணைப் படித்தார்,
தப்பாகப் படித்தார், முதலிலிருந்து படித்தார்.
"சீட்டுப் பணம்" என்றாள் அவர் மனைவி.
அதற்கப்புறம் அவள் ஒன்றும் பேசவில்லை.

போன சித்திரையில் கேட்டில் போர்டு மாட்டினேன்:
இந்த வீடு வாடகைக்கு இல்லை.
நீங்கள் கட்டிய பணம் எங்களுக்கு வரவில்லை.
மூன்றாம் நாள் அவனே கூப்பிட்டான்.
"அக்கா, அந்த போர்ட எடுத்துருங்க.
சீசனுக்குப் பத்தாயிரம் தாரேன்."
பணத்தை விடுங்கள்.
அந்தத் 'தாரேன்' எங்கள் ஊர்த் 'தாரேன்'.
எங்கேயோ வடக்கே உட்கார்ந்திருக்கிறான் என்று
அதுவரை நினைத்திருந்தேன்.
இப்போது பஸ்சில் பக்கத்து சீட்டில்
யாராவது போன் பேசினால்
காது தானாகப் போகிறது.

ஹாலில் ஜமக்காளம் விரித்துக் கொடுத்தேன்.
மாமனார் கடைசிவரை படுக்கவில்லை,
சுவரையும் போனையும் மாறி மாறிப் பார்த்திருந்தார்.
விடிந்ததும் பிள்ளைகள் கேட்டது ஒன்றுதான்:
"அருவியில தண்ணி விழுதா ஆண்ட்டி?"

ஞாயிற்றுக்கிழமை. வழி காட்ட நானும் வேனில் ஏறினேன்.
சாரல் இல்லை. மேகம் மலைக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டது.
ஐந்தருவியில் மூன்று வெறும் பாறை,
நாலாவது குரங்குக்கு,
ஐந்தாவதில் நூல் மாதிரி ஒழுகிக்கொண்டிருந்தது.

படத்துக்கு அடியில் எண் மட்டும் மாறியிருந்தது.
திருமேனியின் மனைவி போனிலிருந்து அடித்தேன்,
பாறைக்கு எதிரில் நின்றபடி.
"தம்பி, தண்ணி விழுதா?"
"கொட்டுதுக்கா! முந்நூறு மட்டும் இப்ப போடுங்க,
ரூம பிடிச்சு வைக்கேன்."

உண்மையான லாட்ஜ்காரன் என்றால்
இந்த வாரம் வராதீங்க என்றிருப்பான்.

போனை வைத்தேன்.
அந்த ஒற்றை நூலுக்குக் கீழே
பிள்ளைகள் இரண்டும்
தலையை முறை வைத்து நீட்டிக்கொண்டிருந்தன.